புள்ளிக்காரியை நிற்கப் பழக்கினேன்

நாய் வளர்த்த அனுபவம் எனக்கு அதுவரை கிடையாது. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஒன்பது வருடம் ஆணியும் பெயின்ட்டும் விற்றவன் நான். கொரோனாவில் கடையை மூடினார்கள். மறுபடி திறந்தபோது பாதி ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். நான் மற்றப் பாதியில் இருந்தேன். தலவாக்கலைக்குப் பக்கத்தில், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தேன். மனைவி அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொரையின் பங்களாவில் புல் வெட்டுகிற, பூச்செடிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது.

தோட்ட மேனேஜரை நாங்கள் இன்னும் தொரை என்றுதான் சொல்கிறோம். இந்தத் தொரை முப்பத்தைந்து வயதைத் தாண்டாத சிங்களவர். தமிழை மலையில் நின்று, கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசுவதைக் கேட்டே கற்றுக்கொண்டார். வேகமாகப் பேசுவார். ஆனால் மரியாதைப் பன்மை மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. எழுபது வயதுக் கோயில் பூசாரியையும் ‘நீ’ என்பார். முகத்தில் இருக்கிற மரியாதை வாய்க்கு வந்து சேராது. அதற்காக யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய டபுள் கேப் வண்டி பங்களா வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் ஒரு பிஸ்கட் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளை உடம்பில் பழுப்புப் புள்ளி விழுந்த ஒரு பெட்டைக்குட்டி. காது தொங்கிக்கொண்டிருந்தது, கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். தொரை அதைத் தூக்கி என் கையில் வைத்து, இது பறவை வேட்டைக்கான ஜாதி, இதைப் பழக்குவது இனிமேல் உன் வேலை என்றார்.

காட்டில் எதைச் சுட்டாலும் சட்டம் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன்னிடம் துப்பாக்கியே இல்லை என்றார். பிறகு புல்தரையிலேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய தாத்தாவிடம் இப்படி ஒரு நாய் இருந்ததாம். புல்லுக்குள் பறவை இருப்பது மூக்கில் பட்டதும் அது ஓட்டத்தை நிறுத்தி, ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கி, வாலை நீட்டி, கல் மாதிரி நின்றுவிடுமாம். பாயாது, குரைக்காது. வேட்டைக்காரன் வந்து சேரும்வரை பறவை இருக்கும் இடத்தை மூக்கால் காட்டிக்கொண்டே நிற்கும்.

“எனக்குச் சுட வேணாம்,” என்றார். “அந்த நிக்கிறத ஒருக்கா பாத்தா போதும்.”

அப்படியென்றால் சரி என்று குட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் அதற்கு நீளமான ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்தார். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்தில், யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. இரண்டாம் நாளே எல்லாரும் ‘புள்ளிக்காரி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

தொரையிடம் தடிமனான ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. பின்னேரத்தில் ஃபாக்டரியிலிருந்து வந்ததும் ஒரு பக்கம் படிப்பார், அதைத் தமிழில் எனக்குச் சொல்வார், அடுத்த நாள் நான் அதைச் செய்ய வேண்டும். முதல் பாடம் மூங்கில் கம்பு. கம்பின் நுனியில் தூண்டில் நூல், நூலின் முனையில் ஒரு சேவல் இறகு. இறகைப் புல்லில் இழுத்தால் குட்டி துரத்தும். துரத்தினால் இறகு பறந்துவிடும், ஒருநாளும் கிடைக்காது. ஓடி ஓடிக் களைத்து, ஒரு கட்டத்தில் அது நின்று முறைத்துப் பார்க்கும். அந்த நொடியில் இறகும் அசையாமல் இருக்க வேண்டும். நின்றால் எதிரே இருப்பது ஓடாது என்பது அதன் மண்டையில் ஏற வேண்டும்.

ஐந்தாம் நாள் அவள் நின்றாள். மூன்று விநாடி இருக்கும். ஒரு கால் தானாக மேலே போனது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கம்பைக் கீழே போட்டுவிட்டு, தொரையைக் கூப்பிட பங்களாவுக்குள் ஓடினேன். அவர் வெளியே வருவதற்குள் அவள் இறகைத் தின்று முடித்திருந்தாள்.

அதன்பிறகு கயிறு. இருபது முழக் கயிற்றைக் கழுத்துப்பட்டியில் கட்டி ஓடவிட்டு, ‘நில்லு’ என்றதும் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். புத்தகத்தில் அகலமான வயல்வெளிப் படம் போட்டிருந்தது. எங்களிடம் இருந்தது தேயிலை. கயிறு முதல் செடியில் சுற்றி, இரண்டாவது செடியில் முடிச்சு விழுந்து, மூன்றாவது செடிக்குள் நான் விழுவேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாய் உன்னைப் பழக்குகிறதா, நீ நாயைப் பழக்குகிறாயா என்று ஒருத்தி கேட்டதாக மனைவி வீட்டில் வந்து சொன்னாள். கடைசியில் தேயிலை பிடுங்கிப்போட்டு மானாப்புல் வளர்ந்து கிடந்த சரிவுக்குப் போனோம். அங்கே கயிறு சிக்கவில்லை, ஆனால் புல் என் கையை அறுத்தது.

தொரை இங்கிலீஷில் கட்டளை சொல்வார். நான் தமிழில் சொல்வேன். நாள் முழுக்க அவளோடு இருப்பவன் நான் என்பதால் அவளுக்குத் தமிழ்தான் ஒட்டிக்கொண்டது. ‘நில்லு’, ‘வா’, ‘விடு’, இந்த மூன்றும் போதுமாக இருந்தன. எந்த நேரமும் அதே நினைவு எனக்கு. ஒருநாள் மனைவி காலையில் ரொட்டி தட்டிக்கொண்டே, “தூக்கத்துல நில்லு நில்லுன்னு கத்துறீங்க. நான் பயந்துபோயி எந்திரிச்சு நிக்கிறேன்,” என்றாள்.

நிஜப் பறவை வேண்டுமே என்று தொரை தலவாக்கலையில் ஒருவரிடம் நான்கு புறா வாங்கி வந்தார். புறாவைச் சின்னக் கூடைக்குள் வைத்துப் புல்லில் ஒளிப்போம். நாய் மோப்பம் பிடித்து நின்றதும் நான் தூரத்திலிருந்து நூலை இழுத்துக் கூடையைத் திறப்பேன். புறா பறக்கும், நாய் அசையக் கூடாது. முதல் நாள் நான்கு புறாவும் அழகாகப் பறந்தன. பறந்தவை நேராக விற்றவர் வீட்டுக் கூரைக்கே போய் உட்கார்ந்துவிட்டன. அடுத்த நாள் நான் போய்ச் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே பிடித்துத் தந்தார். மறுநாளும் அதே கதை. இரண்டு வாரத்தில் அந்த மனிதர் எனக்கு நல்ல சிநேகிதர் ஆகிவிட்டார்; நான் போகும்போதே புறாக்கள் பையில் தயாராக இருக்கும், பக்கத்தில் ஒரு பிளேன்டீயும் இருக்கும்.

எங்கள் மலையில் பனிமூட்டம் இறங்கினால் பத்து அடியில் இருக்கும் ஆளே தெரியாது. வெள்ளை நாய் எப்படித் தெரியும்? அதற்கும் புத்தகத்தில் வழி இருந்தது. கழுத்தில் மணி கட்ட வேண்டும். ஹட்டனில் பாத்திரக் கடையில் ஓர் ஆட்டுமணி வாங்கிவந்து கட்டினேன். மணி கேட்டால் அவள் ஓடுகிறாள். மணி நின்றால் அவள் எதையோ கண்டுபிடித்து நிற்கிறாள். மூட்டத்துக்குள் கண்ணை மூடினமாதிரி நின்று, மணி எப்போது நிற்கும் என்று காத்திருப்பதில் எனக்கு ஒரு தனி ருசி வந்துவிட்டது. கடையில் ஒன்பது வருடம் நின்றபோது நான் எதையும் அப்படிக் கவனித்துக் கேட்டதில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவமானம் வந்தது. பக்கத்து லயத்தில் ஓர் அக்கா கோழி வளர்க்கிறார். நெஞ்சுரம் உள்ள மனுஷி. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் வாயைத் திறந்தால் கணக்கப்பிள்ளை பின்னால் நகர்ந்துவிடுவார். ஒருநாள் காலை புள்ளிக்காரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, வாயில் கவ்வியிருந்த ஒரு சிவப்புக் கோழியை என் காலடியில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, வாலை ஆட்டினாள். கோழி எழுந்து நின்று இறகை உதறியது. எச்சிலில் நனைந்திருந்ததே தவிர ஒரு கீறல் இல்லை.

அடுத்த நாள் காலை, எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் அக்கா தொரையின் முன்னால் வந்து நின்றார். நான் பின்வரிசையில் ஒளிந்திருந்தேன்.

“தொரை, ஒங்க நாய்க்குக் கோழி வேணும்னா கேட்டு வாங்கிக்கங்க,” என்றார். “திருடிட்டு வரச் சொல்லிக் குடுக்காதீங்க.”

தொரை, கோழி செத்துவிட்டதா என்று கேட்டார். சாகவில்லை, ஆனால் பயத்தில் முட்டையிடவில்லை என்று அக்கா சொன்னார். களம் முழுக்கச் சிரித்தது. தொரை சிரிக்காமல் மன்னிப்புக் கேட்டார். அன்று பின்னேரம் என்னிடம், கோழிக்கு ஒரு கீறல்கூட விழவில்லையா என்று மூன்று தடவை விசாரித்தார். இந்த ஜாதிக்கு வாய் மெத்தென்று இருக்க வேண்டுமாம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, நல்லவேளை அக்கா இங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து கோழிகளுக்கு நடுவிலேயே பழக்கினேன். லயத்து வாசலில் அவளைக் கயிற்றோடு உட்காரவைத்து, கோழி மேய்வதைப் பார்க்கவிட்டேன். எழுந்தால் ‘நில்லு’. ஒரு மாதத்தில் அவள் கோழியைக் கண்டால் காலைத் தூக்கி நிற்கத் தொடங்கினாள். கோழிகளும் பழகி, அவள் மூக்குக்குக் கீழேயே மண்ணைக் கிளறின.

தொரைதான் பாவம். அவள் நன்றாக நிற்கும் நாளில் அவர் ஃபாக்டரியில் இருப்பார், இல்லையென்றால் கொழும்பில் மீட்டிங்கில் இருப்பார். அவர் வந்து நின்றால், அவர் சப்பாத்துச் சத்தம் கேட்டே அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர்மேல் பாய்ந்து முகத்தை நக்குவாள். ஒரு வருடமாகியும் அவர் ஆசைப்பட்ட காட்சியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடியும் சமயம் அந்தச் சம்பவம் நடந்தது. மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிண்டுகிறது என்று யாரோ பின்னேரம் மூன்று மணிக்கு வெடி கொளுத்திப் போட்டார்கள். நாங்கள் அப்போது மானாப்புல் சரிவில் இருந்தோம். வெடிச் சத்தத்துக்கு அவளைப் பழக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருந்தது. நாங்கள் இன்னும் அதுவரை வரவில்லை. அவள் உடம்பு ஒரு தடவை நடுங்கியது. அடுத்த கணம் மணிச் சத்தம் மலையில் மேலே மேலே போய், மூட்டத்துக்குள் மறைந்துவிட்டது.

இருட்டும்வரை தேடினேன். எங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. லயத்து வாசலில் கட்டியிருந்த நாய்களையே தூக்கிப்போயிருக்கிறது. கொழும்பில் இருந்த தொரைக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அவர், நீ இருட்டில் தனியாகப் போகாதே, காலையில் ஆள் சேர்த்துக்கொண்டு போ என்றார். வீட்டில் மனைவி சாப்பாட்டை வைத்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை. அதுவரை அது தொரையின் நாய், நான் சம்பளத்துக்குப் பார்க்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

காலையில் மூன்று பேர் கிளம்பி மலையின் மறுபக்கம் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கோழி அக்கா.

“தம்பி, ஒங்க புள்ளிக்காரி இங்க பத்தாம் நம்பர் மலையில நிக்கிறா,” என்றார். குரலை அடக்கிப் பேசினார். “ஆடாம அசையாம நிக்கிறா. கூப்புட்டாலும் வரமாட்டேங்கிறா. சீக்கு ஏதும் புடிச்சிருச்சான்னு பயமா இருக்கு. ஓடியாங்க.”

நான் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகியிருக்கும். கொழுந்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடையைக் கூட இறக்காமல் வட்டமாக நின்றார்கள். நடுவில் அவள். உடம்பெல்லாம் சேறு, காதில் அட்டை கடித்த ரத்தம். வலது முன்னங்கால் மடங்கித் தூக்கியிருந்தது. வால் நேராக இருந்தது. மூக்கு ஒரு வயதான தேயிலைச் செடியின் அடியைப் பார்த்தபடி நின்றது. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி செடியைப் பார்த்தாள்.

அக்காவிடம், பயப்படாதீங்க, இது சீக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, முழங்காலில் உட்கார்ந்து செடியை விலக்கினேன். உள்ளே சருகுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோழி அடை படுத்திருந்தது. என்னைக் கண்டு இறகைச் சிலிர்த்தது. வயிற்றுக்கடியில் முட்டைகள் தெரிந்தன.

அக்கா குனிந்து பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இருபது நாளாகக் காணாமல்போன அவருடைய கோழி அது. கீரி தின்றுவிட்டது என்று அழுது முடித்து, மறந்தும் போயிருந்தார்.

“ராத்திரியெல்லாம் பட்டினி கெடந்திருக்கும் இந்த ஜீவன்,” என்றார் புள்ளிக்காரியைப் பார்த்து. “வாய்க்கு நேரா கோழி. தொடலையே.”

நான் ‘விடு’ என்றேன். அவள் காலைக் கீழே வைத்து, என் மடியில் வந்து விழுந்து, தூங்கியே போய்விட்டாள். விடிய விடிய அவள் கோழிக்குக் காவல் நின்றாள் என்று லயத்தில் பிறகு கதை கட்டினார்கள். எனக்குத் தெரிந்து அக்கா பார்த்த நேரத்திலிருந்து நான் வரும்வரை, ஒரு முக்கால் மணி நேரம் நின்றாள். அதுவே எந்த நாய்க்கும் பெரிது.

பத்தாம் நம்பர் மலைக் கோழியின் முட்டையில் ஒன்பது குஞ்சு பொரித்தன. அதன்பின் புள்ளிக்காரிக்கு ஊரில் வேலை கூடிப்போனது. தேயிலைக்குள் திருட்டுத்தனமாக முட்டையிடும் கோழி எல்லா லயத்திலும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது வந்து, தம்பி, புள்ளிக்காரியை ஒரு அரை மணி நேரம் அனுப்புங்கள் என்பார்கள். மணியோடு உள்ளே போவாள், மணி நிற்கும், போய் முட்டையை எடுத்துக்கொள்வோம். அவளுக்குக் கூலி, ஒரு முட்டை. பெரட்டுக் களத்தில் தொரையைத் திட்டிய அதே அக்கா, அவளுக்குச் சிவப்புக் கயிற்றில் புதுக் கழுத்துப்பட்டி பின்னிக் கொடுத்தார்.

அடுத்த சில மாதத்தில் தொரைக்கு உடப்புசல்லாவைப் பக்கம் மாற்றல் வந்தது. நாய் அவருடையது, கூட்டிக்கொண்டு போனார். டபுள் கேப் திரும்பும்வரை அவள் பின் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அன்று முழுவதும் ஒரே இடத்துப் புல்லையே வெட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து தொரை போன் பண்ணினார். தான் சொல்வது எதையும் நாய் கேட்பதில்லை, பறவையைக் கண்டால் நிற்காமல் துரத்துகிறது, எல்லாவற்றையும் மறந்துவிட்டது போல, ஒரு மூன்று நாள் வந்துவிட்டுப் போ என்றார். அடுத்த நாளே லீவு போட்டு, நுவரெலியா போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து உடப்புசல்லாவைக்குப் போனேன். அவள் என்னைக் கண்டதும் செய்ததை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். என் சட்டையில் பொத்தான் ஒன்று மட்டும் மிஞ்சியது.

முதல் நாள் இரண்டு பேரும் பழகுவதைத் தள்ளி நின்று பார்த்தேன். அரை மணி நேரத்தில் கோளாறு எங்கே என்று புரிந்தது. நாய் எதையும் மறக்கவில்லை. தொரை ‘நில்லு’ என்பதை மலையில் வேலையாட்களைக் கூப்பிடும் குரலில் கத்தினார். அதைவிட மோசம், அவள் நிற்க ஆரம்பித்ததும் ஆசை தாங்காமல் அவளை நோக்கி ஓடினார். அவர் ஓடுவதைக் கண்டு அவளும் ஓடினாள்.

எப்படிச் சொல்வது என்று சாப்பாட்டு நேரம்வரை யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். “தொரை, அவளுக்குப் பழக்கம் போகல. நீங்கதான் ஓடுறீங்க. நீங்க நின்னா அவளும் நிப்பா.”

அவர் முகம் சிவந்தது. ஒரு நிமிடம் நான் பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியானால் என்னைப் பழக்கு என்றார். மற்ற இரண்டு நாளும் நான் பழக்கியது தொரையைத்தான். மணி நின்றதும் அவர் கால் தானாகப் புறப்படும். நான் பின்னால் நின்று அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுப்பேன். ஒரு தடவை ஜாக்கெட் என் கையில் இருந்தது, தொரை புல்லில் இருந்தார். அவருடைய டிரைவர் அதைப் பார்த்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்தான்.

மூன்றாம் நாள் காலை, காட்டை ஒட்டிய புல்வெளி. மூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. மணி கேட்டுக்கொண்டே போய், சட்டென்று நின்றது. நான் ஜாக்கெட்டைப் பிடிக்கக் கை நீட்டினேன், தேவைப்படவில்லை. தொரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தார். இருபது அடி தூரத்தில் அவள் நின்றாள். கால் மடங்கியிருந்தது, வால் நீண்டிருந்தது, முதுகில் பனித்துளி படிந்திருந்தது. தொரையும் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவள் மூக்குக்கு எதிரே புல் வெடித்தமாதிரி ஒரு காட்டுச்சேவல் கிளம்பி, செம்பொன் நிறம் ஒரு வீச்சாகத் தெரிய, காட்டுக்குள் போய் மறைந்தது. அவள் தலையை மட்டும் தூக்கி அது போன திசையைப் பார்த்தாள். ஓர் அடி நகரவில்லை.

தொரை திரும்பி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. தாத்தா இதைப் பார்த்திருக்கவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார், அல்லது தாத்தா இதைத்தான் பார்த்தார் என்றாரா, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பையிலிருந்த போனை அவர் எடுக்கவே இல்லை. படம் எடுக்க மறந்துவிட்டோம் என்பது டீ குடிக்கும்போதுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

இங்கேயே வேலைக்கு வந்துவிடு என்று கேட்டார். மனைவியின் வேலை, வீடு எல்லாம் இந்தப் பக்கம். வர முடியாது என்றேன். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வருவது என்று பேசிக்கொண்டோம். அது இன்னும் நடக்கிறது.

போன தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். புள்ளிக்காரி கேட்டிலிருந்து பாய்ந்து வந்தாள். நான் கையை விரித்து நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய், மனைவியின் கைப்பைக்கு முன்னால் காலைத் தூக்கி அசையாமல் நின்றாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பையைத் திறந்து, துணியில் சுற்றிய ரொட்டியை வெளியே எடுத்தாள். புள்ளிக்காரி எங்கள் தோட்டத்தில் இருந்தபோது, மலைக்கு வேலைக்குப் போகும் வழியில் பங்களா வாசலில் தினமும் காலையில் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தாளாம், நான் நாயைப் பட்டினி போட்டுப் பழக்குகிறேன் என்று நினைத்து. ஒன்றரை வருடம் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது.

“எங்கிட்டயும் நல்லாத்தான் நிப்பா,” என்று சொல்லி, ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள்.